ஆதம்லெவ்வையின் போனைக் கழற்றிய கதை

இன்றைக்கும் சொல்கிறேன், பிழை என்னுடையதல்ல. வாப்பாவின் பெயரை முன்னால் நிறுத்திவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் எழுதுகிற நம்முடைய ஊர்ப் பழக்கத்தில்தான் பிழை. (என் பெயர் மீராசாஹிபு முகம்மது றியாஸ். மீராசாஹிபு என் வாப்பா. அதையாவது யோசித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். இருபத்து நாலு வயதில் ஆர் யோசித்தது?)

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு தொலைபேசிக் கந்தோரில் எனக்கு வேலை. அங்கிருந்த கம்ப்யூட்டர், எந்த லைன் பழுதானாலும் ஒரு வரியைக் கக்கும். நேரம், பழுதின் குறியீடு, போன் நம்பர், சொந்தக்காரர் பெயர், விலாசம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிசைந்த சோறு மாதிரி வரும். அதில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துத் துண்டு அடித்துத் தர நான் ஒரு புரோகிராம் எழுதினேன். கொழும்பில் ஆறு மாதம் படித்தவனல்லவா, கால் நிலத்தில் படவில்லை.

நம்பரையும் ஊரையும் எடு, பெயரில் முதல் சொல்லை மட்டும் எடு, மிச்ச விலாசத்தை விடு. அவ்வளவுதான் என் புரோகிராம். பழுது பார்க்கும் அன்சார் காக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, விலாசத்தக் காணல்லயே?"

"நம்மட ஊரில ஆருக்குக் காக்கா விலாசம்? பேரச் சொன்னா சின்னப் புள்ளயும் வீட்டக் காட்டும்!"

ஒரு வியாழக்கிழமை, 'ஆதம்லெவ்வை, நிந்தவூர்' என்று துண்டு வந்தது. அன்சார் காக்கா தேத்தண்ணிக் கடையில் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆள் மௌத்தாம், இறந்துவிட்டாராம். மௌத்தானவரின் போனைக் கழற்றி எடுப்பது கந்தோர் வழக்கம். கிளாக்கர் துண்டிலிருந்த நம்பரை வைத்து லெஜரில் விலாசம் பார்த்து, துண்டிலிருந்த பெயரையே போட்டுக் கடிதம் எழுதினார். நான் அதை வாசிக்காமலே ஒப்பம் வைத்தேன்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து, நானும் வாப்பாவும் நிந்தவூர் சலீம் ஹாஜியார் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு இருந்தோம். அவர் மகள் பரீதாவை எனக்குப் பேசியிருந்தார்கள். கட்டாரிலிருந்த அவருடைய மூத்த மகன் மூன்று மணிக்குப் போனில் "ஓம்" சொன்னால் கலியாணம். சொல்லாவிட்டால் பின்னால் ஒரு டொக்டர் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார்.

"போன் ரெண்டு நாளா வேல செய்யல்ல தம்பி" என்றார் ஹாஜியார். "உங்கட கந்தோரில என்னதான் செய்றீங்க?"

"பயப்படாதீங்க மாமா. என்ட புரோகிராம் புடிச்சிருக்கும். ஆள் வந்துக்கிட்டு இரிக்கும்."

ஆள் வந்தது. அன்சார் காக்கா வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"மௌத்தான ஆள்ட போனக் கழட்ட வந்த ஹாஜியார்."

"ஆருடா மௌத்து?"

"ஆதம்லெவ்வை."

"அது என்ட வாப்பா! மௌத்தாகிப் பத்து வருஷம்! அவர் இரிக்கக்குள்ள இந்த வீட்டில போனே இல்ல! ஆரு இதில ஒப்பம் வெச்ச?"

அன்சார் காக்காவின் கண் என் பக்கம் திரும்பியது. என்ன அநியாயம்! ஆதம்லெவ்வை முகம்மது சலீம் என்று ஒரு மனிதர் பெயர் வைத்திருப்பாராம், அதற்கு நான் பொறுப்பாம்!

"காக்கா, கழட்டாதீங்க, பூட்டி விடுங்க" என்று கெஞ்சினேன்.

"கழட்டத்தான் கடிதம் இரிக்கி தம்பி. பூட்ட வேற கடிதம் வேணும்."

போனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வேறு கடிதம் கொழும்புக்குப் போய்த் திரும்ப ஒரு மாதம். ஹாஜியார் என்னோடு கதைக்கவில்லை. கட்டார் மச்சான் போன் எடுத்து எடுத்துக் கோபித்து, கடைசியில் தபாலில்தான் சம்மதம் எழுதினார். டொக்டர் வீட்டாரும் அதே போனுக்கு எடுத்து எடுத்து அலுத்து, மருதமுனையில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். (இதற்காக எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.)

கலியாணத்தன்று கடுத்தம் என்கிற கலியாணப் பதிவை எழுத உட்கார்ந்த பதிவுகாரரிடம் மாமா சத்தமாகச் சொன்னார்:

"மாப்பிள்ளைர பேரக் கடைசிவரைக்கும் எழுதுங்க. முதல் சொல்லோட நிப்பாட்டினா, என்ட மகள் அவர்ட வாப்பாவுக்கு வாழ்க்கப்பட்டுருவா!"

பந்தலே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் கலியாணம் நடந்தாலும் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லும்போதெல்லாம் என் உம்மா மட்டும் முறைப்பார். சொன்னவரையல்ல, சிரிக்கிற வாப்பாவையுமல்ல, என்னை.