ஸ்ரீனிவாசராகவன் குனியப் பழகிய கதை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. முதுகு நோகிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்த ஒரே குற்றத்துக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவரே அடக்கவில்லை.

"ஏன்னா, நீங்க ராஜா மாதிரி உக்காந்திருந்தேள். அதான் பொண்ணு பாத்துட்டுப் போனவாகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வரலை" என்றாள் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி, காபி டம்ளரை 'ணங்'கென்று வைத்து.

"ராஜா மாதிரியா? நான் பாட்டுக்கு மூச்சு விட்டுண்டு உக்காந்திருந்தேன். சாய்மா சொல்லிக் குடுத்த மாதிரி."

"பொண்ணைப் பெத்தவர் மூச்சு விட்டா மட்டும் போறாது. கொஞ்சம் வளையணும்."

ஸ்ரீனிவாசராகவனுக்கு அறுபது வயது. மயிலாப்பூரில் மூன்றாவது மாடி. ஒரு பதிப்பகத்தில் முப்பத்திரண்டு வருஷம் அச்சுப்பிழை திருத்தி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். ஊரார் பிழையெல்லாம் திருத்தியதில் அவர் கழுத்து மட்டும் திருத்த ஆளில்லாமல் முன்னால் தொங்கிப் போயிருந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தலை வரும். உடம்பு பின்னாலேயே வந்து சேரும்.

தலைவலி தாங்காமல் அடையாறில் சாய்மா என்ற பெண்ணிடம் போனார். அது எண்ணெய் தேய்க்கிற வைத்தியம் இல்லை. முழங்கையாலும் விரல் முட்டியாலும் அழுத்தி, தோலுக்கு அடியில் இறுகிக் கிடப்பதை மெல்ல மெல்ல இளக்கி, பாதத்தின் மேல் இடுப்பு, இடுப்பின் மேல் நெஞ்சு, நெஞ்சின் மேல் தலை என்று பாத்திரம் அடுக்குவதுபோல் ஆளையே அடுக்கிவிடுவாள். வாரம் ஒன்றாகப் பத்து தடவை. பத்தாவது தடவை அவர் எழுந்து நின்றபோது, சாய்மாவின் அறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. அதுவரை அவருக்குத் தரைதான் தெரியும்.

"நிமித்தி வுட்டாச்சு சார்" என்றாள் சாய்மா. "காப்பாத்திக்கிறது உங்க வேலை. உச்சந்தலையில ஒரு நூல் கட்டி மேல இழுக்கறா மாதிரி நெனச்சுக்கங்க. ரெண்டு பாதத்துலயும் வெயிட் சமமா நிக்கணும். முட்டியைப் பூட்டாதீங்க. மூச்சை அடக்காதீங்க. பஸ்ஸுக்கு நிக்கச்சொல்லோ, காபி குடிக்கச்சொல்லோ, ஒடம்பு எங்க கீதுன்னு ஒரு கண்ணு வெச்சிக்கினே இருங்க. ஆனா ஒண்ணு, வெறைக்காதீங்க. நிமிர்றது வேற, வெறைக்கிறது வேற."

எல்லாவற்றையும் அவர் குறித்துக்கொண்டார். பக்கம் நிறைந்துவிட்டதால் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டார்.

அதற்கு இரண்டாம் நாள், ஆனி மாதக் கடைசி ஞாயிறு, மேற்கு மாம்பலத்திலிருந்து அவர் மகள் மதுவந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சாய்சரண். அம்மா இல்லாத பிள்ளை. கூட அவன் அப்பா ரங்கபாஷ்யமும், அவனை வளர்த்த அத்தை வேதவல்லியும். அந்த வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

பெண்ணின் அப்பா வாசலுக்கு ஓடிப்போய், தோளைக் குறுக்கி, 'வாங்கோ வாங்கோ' என்று நெளிய வேண்டுமா இல்லையா? இவர் உச்சந்தலை நூலோடு நின்றார். கைகூப்பினார், கழுத்து அசையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், முதுகு சாயவில்லை. குள்ளமான வேதவல்லி அத்தை பேசும்போது தலையைத் தாழ்த்தாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி, கோபுரத்திலிருந்து கடைவீதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரங்கபாஷ்யம் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து, இவரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி அனுப்பறோம்" என்று அத்தை எழுந்தாள்.

அந்த வாரமே ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள்தான். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வாசல் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். மதுவந்தியின் ஃபோனுக்கு சாய்சரணிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'பெரியவா சொல்லுவா. பொறுத்துக்கோ.' இதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். வீட்டில் மூன்று பேரும் மோசமான பக்கமாகவே படித்தார்கள்.

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றாள் மதுவந்தி. "உன் முதுகாலே இது தட்டிப் போச்சுன்னா, நான் உன்னோட பேசவே மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாளே அடையாறு பஸ்.

"அம்மா சாய்மா, பத்துல ஒரு ரெண்டு தடவையைத் திருப்பி எடுத்துக்க முடியுமா? லேசா வளைஞ்சா போறும்."

"இன்னா சார், இது ஜாக்கெட்டா, பிரிச்சுத் தெக்கறதுக்கு?" என்று சாய்மா சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "குனிய வேணாம்னு யார் சார் சொன்னது? தாராளமா குனியுங்க. இடுப்பு மடிப்புலேர்ந்து குனியுங்க, முதுகு நீளமா இருக்கட்டும். எழுந்திரிக்கும்போது மெதுவா, ஒவ்வொரு எலும்பா அடுக்கிக்கினே வாங்க. பழைய கூனை மட்டும் போட்டுக் காட்டாதீங்க. ஒடம்பு பழகினதைப் புடிச்சிக்கும், அப்பால நான் பொறுப்பில்லை."

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் ஒத்திகை வாட்ச்மேன் செம்பியனிடம் நடந்தது. கேட்டருகே நின்று, பாதத்தில் கவனம் வைத்து, மூச்சை விட்டு, இடுப்பு மடிப்பிலிருந்து அப்படியே முன்னால் இறங்கினார் ஸ்ரீனிவாசராகவன்.

செம்பியன் நாற்காலியோடு பின்னால் தாவினான். "சார்! சார்! இன்னா சார் இது, என் கால்லியா வுழறீங்க? வாணாம் சார், என் ஆயுசு கொறைஞ்சிடும்!"

"விழலைப்பா. வணக்கம் சொல்றேன்."

"வணக்கமா? வணக்கம்னா தலையைத்தானே சார் ஆட்டுவாங்க? நீங்க இன்னாவோ கெணத்துல தண்ணி கீதான்னு பாக்கறீங்க!"

சாயங்காலத்துக்குள் நாலு மாடிக்கும் சேதி போய்விட்டது. இரண்டாவது மாடி அம்மாள் கற்பூரவல்லி இலை பஜ்ஜியோடு வந்து, "பொண்ணுக்கு இடம் தட்டிப் போயிடுத்தாமே? மாமா மனசு ஒடிஞ்சு வாட்ச்மேன் கால்லயே விழுந்துட்டாராமே?" என்று சுப்புலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஜ்ஜி நன்றாயிருந்தது. மற்றது ஒன்றும் நன்றாயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, குளத்தங்கரைக் காய்கறிக் கடைகளுக்கு நடுவில், எதிரே ரங்கபாஷ்யமே வந்துவிட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? ஸ்ரீனிவாசராகவன் பையைக் கீழே வைத்தார், பாதங்களைச் சமன் செய்தார், இடுப்பிலிருந்து இறங்கினார். பவ்யமான, நீளமான, அழகான வணக்கம். இறங்கினது நல்லபடியாகத்தான் இறங்கினார். எழுந்திருப்பதுதானே கண்ணுகளா, ஒவ்வொரு எலும்பாக?

"யோவ் பெரியவரே, முளைக்கீரை மேல சாயாதே!" என்று கீரைக்காரி கத்தினாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரனை நிறுத்தவே இல்லை. இவர் பாதி முதுகு அடுக்கியபோது ஓரக்கண்ணால் பார்த்தார். ரங்கபாஷ்யம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, முறைத்தபடி நின்றார். கழுத்து வரை அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அவரைக் காணோம்.

"வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள போய்ட்டார்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"வணக்கம் சொல்ல அவ்வளவு நேரமா?"

"முதுகுத்தண்டுல முப்பத்து மூணு எலும்பு இருக்கே, சுப்பு!"

மறு வாரம் வியாழக்கிழமை வேதவல்லி அத்தையிடமிருந்து ஃபோன் வந்தது. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வரோம். நானும் தம்பியும் மட்டும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

சுப்புலக்ஷ்மி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆடியில ஏன்னா வரா? அதுவும் பையன் இல்லாம?"

"சரின்னு சொல்லத்தான் மாசம் பார்க்கணும். வேண்டாம்னு சொல்ல எந்த மாசமா இருந்தா என்ன?" என்றார் அவர்.

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தார். சாய்மா என்ன சொன்னால் என்ன? முதுகு இருக்கிறது, போகிறது. குழந்தை முகம் வாடக்கூடாது. பழைய கூனையே போட்டுவிடுவது.

போட்டால் வரவேண்டுமே! முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்த கூன், கூப்பிட்டால் வரவில்லை. கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்துக் கண்ணாடியில் செருகி, பார்த்துப் பார்த்துப் பழகினார். மதுவந்திதான் வாத்தியார்.

"தோளை உள்ளே தள்ளுப்பா. மோவாயை நீட்டு. ஐயோ, அது ஆமை. இன்னும் கொஞ்சம் மனுஷனா..."

"பத்து வாரம் பஸ் ஏறிப்போய் நிமிர்ந்தவன், ஆத்துல உக்காந்துண்டே கூனக் கத்துக்கறேன்" என்று அவர் சிரித்தார். "என்னைப் படைச்சவனுக்கே குழப்பமா இருக்கும், இந்த ஆளை எந்த அச்சுல போட்டோம்னு."

சனிக்கிழமை சாயங்காலம் கூன் கைவசமாகிவிட்டது. கூடவே தலைவலியும், வீட்டு விலாசம் மறக்காமல் வந்து சேர்ந்தது. அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு நாலு மணி. லிஃப்ட் கதவு திறப்பதற்குள் ஸ்ரீனிவாசராகவன் வாசலில் இருந்தார். "வாங்கோ, வாங்கோ!" என்று அவர்கள் செருப்பைப் பார்த்து வரவேற்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் வேதவல்லி அத்தை.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்!"

உட்கார்ந்தார்கள். காபி வந்தது. அத்தை அதைத் தொடவில்லை. இவரையே மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் எழுந்து நில்லுங்கோ."

நின்றார்.

"அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துட்டு வாங்கோ."

நடந்தார். சமையலறை வாசலில் நின்ற சுப்புலக்ஷ்மிக்கு வியர்த்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நடக்கச் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். பெண்ணின் அப்பாவை நடக்கச் சொல்லி எந்தக் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை.

"பக்கவாட்டுல திரும்புங்கோ. சுவரோட ஒட்டி நில்லுங்கோ. தரையில உக்காந்து எழுந்துக்கோங்கோ, பார்ப்போம்."

பணிவைச் சோதிக்கிறார்கள், வேறென்ன? ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்ரீனிவாசராகவன் ஒரு அங்குலம் அதிகமாக வளைந்தார். தரையிலிருந்து எழும்போது 'அம்மாடி' என்று ஒரு முனகலையும் சேர்த்துக்கொண்டார். அது நடிப்பில்லை. 'நல்ல வேளை, பாடச் சொல்லலை' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் மதுவந்தி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரங்கபாஷ்யம் எழுந்து, அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு நீங்க உக்காந்திருந்தது..." என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஏதோ தெரியாத்தனம் மாமா! மன்னிச்சுக்கோங்கோ."

"இல்லை, குளத்தங்கரையிலகூட..."

"அதுவும் தப்புதான். இனிமே ஜன்மத்துக்கும் அப்படி நிமிர மாட்டேன். நான் சாதாரணமா இப்படித்தான். கடைசி வரைக்கும் இப்படியேதான் இருப்பேன்." குரல் உடைந்துவிட்டது. "என் பொண்ணு தங்கமான பொண்ணு, மாமா."

ரங்கபாஷ்யத்தின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா..." என்றார்.

"சரி, நாங்க கிளம்பறோம்" என்று அத்தை எழுந்தாள்.

குங்குமம் எடுத்துக்கொண்டாள். சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. லிஃப்ட் வரை இவர் கூனிக்கொண்டே கூடப் போனார். கம்பிக்கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கிப் போயிற்று. மூன்று பேரும் வெளியே கல்லாக நின்றார்கள். மதுவந்தி மெல்ல அப்பாவின் முதுகில் கையை வைத்தாள்.

அப்போது, இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவிலிருந்து, காது மந்தமானவர்கள் ரகசியம் பேசுகிற உரத்த குரலில், வேதவல்லி அத்தை சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மேலே வந்தது:

"கல்யாணம் அன்னிக்கே நிச்சயமாயாச்சு, ஆவணி பொறந்ததும் சொல்லிக்கலாம், அவரை மாதிரி நிமிரணும்னு ஆசைப்பட்டு வழி கேக்க வந்தியே தம்பி, பாவம், உன் முதுகே தேவலை போலிருக்கு!"

கேட்டவர்கள் எழுந்திருக்கலாம், கண்ணுகளா. மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக. உங்கள் வீட்டுக்கு நல்ல சேதி மாசம் பார்க்காமல் வந்து சேரட்டும். குழந்தைகள் நிமிர்ந்து நடக்கட்டும், பெரியவர்கள் நோகாமல் குனியட்டும். எல்லாரும் க்ஷேமமாக இருங்கள்.