எனக்கு நானே அனுப்பிய கடிதம்

என் மனைவியின் கண்ணை ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில்தான் காட்டுவது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு சும்மா இருந்திருக்கலாம்.

அவளுக்கு வலது கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆறு மாசத்துக்குள் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார் டாக்டர். சின்ன ஆஸ்பத்திரிக்குப் போதுமான பணம் அலமாரியில் துணிக்கடியில் இருந்தது. அதே மாதம் எங்கள் கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டது. அந்தக் கணக்கை எழுதுகிறவன் நான். ஊரார் பணம் கட்டுவதை எழுதி எழுதி எனக்கும் கை ஊறியது. போட்டதை இரண்டாக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே! பணத்தை எடுத்தேன். கண் மங்கினவள், எண்ணியா பார்க்கப் போகிறாள்?

பங்கின் விலை மூன்று தவணை. விண்ணப்பத்தோடு ஒன்று, பங்கு ஒதுக்கினதும் ஒன்று, ஏழெட்டு மாசம் கழித்து 'இறுதி அழைப்பு' என்று கம்பெனி கடிதம் போட்டதும் ஒன்று. கடைசித் தவணையைக் கட்டாவிட்டால் பங்கு பறிமுதல், முன்னால் கட்டினதும் அம்பேல். நான் போனஸை நம்பியிருந்தேன். பங்கு வெளியிட்ட செலவில் போனஸே காணாமல் போய்விட்டது.

பங்குதாரர்களுக்குக் கடிதம் அனுப்புவதும் என் வேலைதான். ஆயிரத்துச் சொச்சம் உறைகளில் விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தேன். ஒருவரையும் விடவில்லை. என்னையும்தான், மடையன்!

இரண்டாம் நாள் மனைவி உறையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ் லெட்டர். எழுத்து தெரியல, படிச்சுக் காட்டுங்க."

"அதுவா... ஆபீஸ்ல விருந்து."

"மேல பெருசா 'இறுதி அழைப்பு'ன்னு இருக்கற மாதிரி தெரியுதே?"

"ஆமா, இதுக்கு மேல கூப்பிட மாட்டாங்க."

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"ஆம்பளைங்களுக்கு மட்டும்."

பத்து நாள் கழித்து, ஒரு மாசத்துக்குள் கட்டாவிட்டால் பறிமுதல் என்ற எச்சரிக்கைக் கடிதம். அதையும் ஒழுங்காக எனக்கே அனுப்பியிருந்தேன்.

"இது என்னங்க?"

"விருந்து ரத்து."

"அடப் பாவமே," என்று என்னையே பார்த்தாள்.

கெடு முடிந்தது. கட்டாதவர்கள் பட்டியலில் என் பெயரை நானே எழுதினேன். பங்கு மூலதனத்தில் பற்று, பறிமுதல் கணக்கில் வரவு. பறிபோவது அவள் கண் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கணக்கு உதைத்தது. பாங்கியில் வந்த பணம் என் கணக்கைவிட அதிகம். இரண்டு நாள் தேடினேன். மானேஜர் தலைமேல் வந்து நின்றார்.

"என்னய்யா, எல்லாப் பேரையும் சரிபார்த்தியா?"

"பார்த்துட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு பாக்கி."

என் பெயர்தான். கட்டவில்லை என்று எனக்கே தெரியும்போது அதை எதற்குப் பார்ப்பது? பார்த்தேன். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே என் தவணை முழுசாகக் கட்டியிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என் சட்டைக்குப் பட்டன் தைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் ஏறவில்லை.

"பணம் நீ கட்டினியா?"

"பின்ன, உங்க மானேஜரா கட்டுவாரு?"

"லெட்டரை யாரு படிச்சது?"

"பக்கத்து வீட்டு டீச்சர். கட்டலேன்னா போட்டதெல்லாம் போயிடும்னாங்க. ரெண்டையும் அவங்க படிச்ச பிறகுதான் உங்ககிட்ட கொண்டுவந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்னைப் படிக்கச் சொன்ன?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

"நாளைக்கே பங்கை வித்துடறேன். ஆபரேஷன் பண்ணிடலாம்."

"பண்ணலாம். நேத்து டாக்டரைப் பார்த்தேன். லேட் பண்ணிட்டீங்க, இனிமே பாதிப் பார்வைதான் வரும்னுட்டாரு."

ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தேன். பிறகு கேட்டேன்: "கட்டறதுக்கு உனக்கு ஏது பணம்?"

அவள் சட்டையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

"வளையலை வித்து ஒரு மாசமாச்சு. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"