தாய்மாமன் மடி

ஆலங்குடி ரோட்டில், கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மினி லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் வெள்ளைச்சாமியின் பைக் சொருகி நின்றது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி காத்தாயி முதுகில் இடித்தாள். "நல்ல நேரம் முடியப் போவுது. அங்க முத்துராஜு மடியை விரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

வெள்ளைச்சாமியின் பயமும் அதுதான். தங்கச்சி செவந்தியின் மகளுக்கு இன்று கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்பார்கள். கூடப் பிறந்தவன் வராவிட்டால், சித்தப்பா மகன் முத்துராஜும் மாமன்தான். அவன் புது வேட்டி எடுத்ததே அதற்காகத்தான் இருக்கும்.

வெள்ளைச்சாமி யாரையும் நம்பமாட்டார். நம்பி என்ன கண்டார்? சீர் சாமான்களை டிராக்டரில் விடியவே அனுப்பினார். பிள்ளைக்குப் போடும் தங்கத் தோட்டை மட்டும் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். டிராக்டர்க்கார இருளாண்டியிடம், "முத்துராஜு முன்னால நின்னு சீரைக் கூட்டிட்டுப் போறேம்பான். விட்றாத. நான் வராம ஒரு அடி நகரக் கூடாது," என்று மிரட்டினார். பிறகு வீட்டைப் பூட்டினார். பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். செல்லை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் போட்டார். வண்டியில் போகும்போது பேசினால் அபராதமாம். செல் மணி அடித்தாலே அபராதம் போடுவான்கள், யார் கண்டது!

"பஸ்ஸுக்கு இங்கிட்டு ஒரு சந்து இருக்கு," என்று இடப்பக்கம் வளைத்தார்.

பஸ் படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தடுமாறினாள். அவள் இடுப்பிலிருந்த பலாப்பழம் பெட்ரோல் டேங்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஆளு எறங்குறது தெரியல? ஹெல்மெட்டு தலைக்கா, கண்ணுக்கா?"

"பழத்தை எடும்மா!"

"ஏன் எடுக்கணும்? நானும் கீரமங்கலந்தான். நீங்களே சொமங்க. நான் நடந்து வாரேன்."

இப்போது ஹேண்டில்பார் திரும்பவில்லை. பழத்தை வயிற்றால் அணைத்துக்கொண்டு வலப்பக்கம் இழுத்தார். வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது. எதிரில் போலீஸ்காரர் ஆரோக்கியதாஸ்.

"எறங்குங்க. பஸ்ஸுக்கு அங்கிட்டுப் பூந்தா டிரைவர் கண்ணாடியில தெரிய மாட்டீங்க. கோட்டைத் தாண்டுனா எதுத்தாப்ல வர்றவன் அடிச்சிருவான்."

"எதுத்தாப்ல யாருங்க வாரா? அவனும்ல நிக்கிறான்!"

"எந்த சந்துலயும் ஓட்டிக்கிட்டுப் பூந்து போவக் கூடாது. கேஸு போடவா?"

வெள்ளைச்சாமி யோசித்தார். "தள்ளிக்கிட்டுப் போனா?"

ஆரோக்கியதாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தள்ளிக்கிட்டா... அது நடக்குறவரு கணக்கு. இஞ்சின் ஆஃப்ல இருக்கணும். ஓரமாப் போங்க."

வெள்ளைச்சாமி சாவியைத் திருகினார். காத்தாயி இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாள். பலாப்பழக்காரி முன்னால் நடந்து, "வழி விடுங்கய்யா, பழம் வருது!" என்று கூவினாள். லாரிக்காரன் கண்ணாடியை மடக்கினான். வெளியே தொங்கிய தன் கால்களை ஆட்டோக்காரன் உள்ளே இழுத்துக்கொண்டான்.

இதைப் பார்த்த மற்ற பைக் ஆட்களும் இஞ்சினை அணைத்து, வரிசையாகப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, நல்ல வழி கண்டுபிடிச்சீங்க!"

பிறந்ததிலிருந்து வெள்ளைச்சாமிக்குப் பின்னால் இத்தனை பேர் வந்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"ரோட்டை மறிச்ச மடையன் எவன்னு பாத்து, நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்!"

"கேளுங்கண்ணே, நாங்க இருக்கோம்!"

கடைசி லாரியையும் தாண்டியாயிற்று. வெள்ளைச்சாமி ஹெல்மெட்டைக் கழற்றி, "எவன்டா அவன்?" என்று உறுமினார்.

அந்தக் குரலைக் கேட்டதும், சீரை எதிர்கொள்ளக் கோயிலிலிருந்து ரோட்டுக்கு வந்து நின்ற மேளம் அதிர்ந்தது. செவந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே!" என்று ஓடிவந்தாள். முத்துராஜ் புது வேட்டியோடு ஓரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நல்ல நேரம் இன்னும் மிச்சமிருந்தது.

ரோட்டுக்குக் குறுக்கே நின்ற டிராக்டரிலிருந்து இருளாண்டி மாலையோடு குதித்தான்.

"வந்துட்டீங்களாண்ணே! முத்துராஜண்ணன் எம்புட்டோ கத்துனாரு, ஒரு அடி நகரலையே நானு. கோயிலுக்குத் திரும்புறப்ப, வண்டி ரோட்டுக்குக் குறுக்க இருக்கையிலதான் நீங்க சொன்னது ஞாவகம் வந்துச்சு, அப்புடியே நிப்பாட்டிட்டேன்!"