டெலீட் அண்ணன் அழிக்காமல் விட்டது

தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்று இந்த உலகத்தில் வைராக்கியமாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் டெலீட் அண்ணன்தான். அதனாலேயே கள்ளக்குறிச்சியில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பக்கத்தில் என் உரக்கடை. இணையதளங்கள் நம்மை மறுபடி அடையாளம் கண்டுகொள்ள கம்ப்யூட்டரில் சின்னக் குறிப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போகுமே, குக்கீ, அது அண்ணனுக்கு ஜென்ம எதிரி. வாடிக்கையாளர் எழுந்த மறுநொடி ஓடிப்போய் குக்கீயை அழிப்பார். அதே வேகத்தில் கீபோர்டையும் துடைப்பார், நாற்காலியையும் துடைப்பார்.

"குக்கீ இருந்தா வசதிதானேண்ணே? வாட்டிக்கு வாட்டி பாஸ்வேர்டு அடிக்க வேணாம்" என்றேன் ஒருநாள்.

"வசதி பண்ணிக் குடுத்தா வூட்டு சாவியயும் குடுத்துடுவியா?"

"எல்லா குக்கீயும் வேவு பாக்காதுண்ணே."

"எது பாக்கும், எது பாக்காதுன்னு உன்னாண்ட சொல்லிட்டா பாக்கும்?"

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அண்ணன் வருவதைப் பார்த்ததுமே டீ மாஸ்டர் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட ஆரம்பித்துவிட்டார்.

"நான் இன்னா குடிப்பேன்னு நீ எப்டி முடிவு பண்ண?"

"தெனம் அதானங்க குடிக்கிறீங்க."

"அப்ப தெனம் என்னப் பாத்துக்கினேதான் இருந்திருக்க!"

மறுநாளிலிருந்து மாஸ்டரைக் குழப்ப ஒருநாள் ஹார்லிக்ஸ், ஒருநாள் வெறும் வெந்நீர். பாவம், டீ என்றால் அவருக்கு உயிர். முடிதிருத்துபவர் "வழக்கம்போலவா?" என்று கேட்டுவிட்டதற்காக சின்னசேலம் போய் முடிவெட்டிக்கொண்டார். அங்கேயும் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட, அடுத்த மாதம் திருக்கோவிலூர். இந்த வித்தை பலிக்காத ஒரே இடம் அவருடைய மனைவி.

இப்படிப்பட்டவரிடம்தான் கல்வராயன் மலையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதினால் அண்ணன் என்னைச் சும்மா விடமாட்டார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். வளர்த்த சித்தப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

"சீட்டு கெடைக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா மலைய வுட்டு எறங்க வுட மாட்டாரு" என்றாள்.

"எனக்கே தெரியாதும்மா" என்றார் அண்ணன்.

அவள் முடித்து எழுந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. அவள் மலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கரண்ட் திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அதே கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்து, உரம் விற்கிறவன் என்பதால் என்னையும் துணைக்குக் கூப்பிட்டு, மரவள்ளிக் கிழங்கு விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். செல்வியின் தேடலை நினைவு வைத்திருந்த குக்கீ அழிபடாமல் கிடந்ததால், விலைக்கு மேலே ஒரு விளம்பரம்: நர்சிங் சேர்க்கை, மலைவாழ் பெண்களுக்கு விடுதி வசதி. விலைக்குக் கீழேயும் அதே.

"இன்னாங்க இது? எங்க மலைப் பொண்ணு எதுனா வந்துச்சா? எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு இந்தப் படிப்புன்னு சொல்லிக்கினே இருக்கு."

இவர்தான் செல்வியின் சித்தப்பா என்று புரிந்ததும் அண்ணன் முகம் வெளிறிப்போனது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது எனக்கு வர்றதுங்க. நான்தான் நர்சு படிக்கப் போறேன்."

ஐம்பது வயது, அருவாள் மீசை. ஊசி என்றால் மயங்கி விழுகிற ஆள்.

"பொம்பளைங்களுக்கு விடுதின்னு போட்டுக்கீதே?"

"விடுதி வேணாம்னுட்டேன். வூட்லேர்ந்தே போய்ட்டு வருவேன்."

அவர் நம்பவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் வேறு வழியில்லாமல் அவர் கண்ணெதிரே கம்ப்யூட்டரில் நர்ஸ் வெள்ளைக் கோட்டு தேடி, என்னைத் தன் இடுப்பளவு எடுக்கச் சொன்னார். டபுள் எக்ஸ்ட்ரா லார்ஜ். அதன்பிறகுதான் சித்தப்பா எழுந்து நேராக டீக்கடைக்குப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி. "சிஸ்டர், பிரஷர் பாருங்க" என்று டீ மாஸ்டர் கையை நீட்டினார். அண்ணனின் மனைவி கடைக்கே வந்து "நெஜமாவா?" என்று கேட்டார். அண்ணன் "நெஜம்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா கிழங்கு விலை பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அண்ணன் அந்த ஒரு கம்ப்யூட்டரில் குக்கீ அழிப்பதையே நிறுத்தினார். தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நர்சிங் கல்லூரி, நர்ஸ் செருப்பு என்று தேடிவைப்பார். சித்தப்பா வந்தபோதெல்லாம் அதே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் சேரலீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவார்.

செல்விக்கு இடம் கிடைத்தது. அவளுடைய பழைய டீச்சர் சித்தப்பாவின் வீட்டுக்கே போய்ப் பேசினார். சித்தப்பா இரண்டு நாள் குதித்துவிட்டு அடங்கினார்.

கல்லூரிக்குப் போகும் வழியில் பையும் கையுமாக அவள் கடையில் இறங்கினாள். "நீங்க இல்லாங்காட்டி..." என்று ஆரம்பித்தவளை அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரும்மா நீ? உன்ன நான் பாத்ததே இல்லியே."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்த பேசி அனுப்பக் கூடாதாண்ணே?"

"அந்தப் பொண்ணு எங்க வந்துச்சு, இன்னா தேடுச்சின்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுடா. அந்த ஒருத்தர்ல நானும்தான்."

ஊர் இன்னும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் மறுக்காமல் திரும்பிப் பார்க்கிறார். அப்படித் திரும்பும்போதெல்லாம் எனக்கு எழுந்து நின்று அவரைக் கும்பிடத் தோன்றும்.