மழையை அழித்த ஆதாரம் அண்ணன்

ரவாங்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வரைக்கும் சல்லடை போட்டாலும் 'ஆதாரம்' அண்ணனைப் போல இன்னொரு சந்தேகப் பிறவி அகப்பட மாட்டார். வருஷா வருஷம் பிறப்புப் பத்திரத்தைச் சரிபார்த்த பிறகுதான் பிறந்தநாள் கேக்கில் கத்தியை வைப்பார்.

நாங்கள் வேலை செய்தது ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடுவது அவர் வேலை. ஓய்வு நேரத்தில் அதையே இணையக் கலைக்களஞ்சியத்தில் செய்வார். யாருடைய வாழ்க்கைக் குறிப்பையாவது திறந்து, ஆதாரமில்லாத வரிகளை அழிப்பார். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு, பாதி நான் கொடுத்தது. என் ஓய்வு நேரம் இந்த வார இதழுக்கு நகைச்சுவைப் பக்கம் எழுதுவதில் போகும்.

புக்கிட் ரோத்தானில் வயதான ஒரு பஜனைப் பாடகர். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து கோயில் கோயிலாகப் பாடியவர். எங்கள் ஊர்க்காரராச்சே என்று அவருக்கு ஒரு பக்கம் தொடங்கி, 'இவர் பாடினால் மழை நிற்கும்' என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் மழையைக் காணோம்.

"என்னண்ணே, அழிச்சிட்டீங்க?"

"மழை நின்னதைக் கண்ணால பார்த்தியா?"

"ஊரே சொல்லுதுலா!"

"ஊரைக் கூட்டிட்டு வா, எழுதிக்கலாம்."

சில மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'குடித்துவிட்டு வந்ததால் கோயில் மேடையிலிருந்து இறக்கப்பட்டவர்.' வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அது பெரியவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. திருவிழாவுக்குப் பாடக் கூப்பிட வந்தவர்களிடம், "குடிகாரன் எதுக்குய்யா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அண்ணன் கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த வரிக்கு ஆதாரம் குடுத்திருக்கான். ஒரு வார இதழ்."

"எந்த இதழ்ண்ணே?"

"இதோ. நீ எழுதின பக்கம்."

நாசி லெமாக் சோற்றை ஓரமாகத் தள்ளிவைத்தேன். குடித்துவிட்டு வந்த பாடகரை மேடையிலிருந்து இறக்கினார்கள் என்று சிரிப்புக்காக நான் அளந்துவிட்ட கதை. பெயரைப் போடவில்லை, ஊரைப் போட்டிருந்தேன்.

"கண்ணால பார்த்தியா?"

"இல்லண்ணே. சும்மா... தமாஷுக்கு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பேசியை எடுத்து வரியை அழித்தார். சாயங்காலமே யாரோ திரும்பப் போட்டார்கள். மறுநாள் மறுபடி அழித்தார். அந்த வாரம் முழுக்க மத்தியானச் சோறு அவர் முன்னால் ஆறிப்போனது. கடைசியில், 'அது நான் கட்டிய கதை' என்று இந்த இதழில் இதே பக்கத்தில் எழுதினேன். அதைக் காட்டி அவர் வாதாடியதும்தான் அந்த வரி ஒழிந்தது. இதழைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர் வீட்டு வாசலுக்கு நான் போனபோது அண்ணனும் கூட வந்தார். பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சுருதிப்பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

திருவிழாவில் பெரியவர் பாடினார். நடுப்பாட்டில் கொட்டிய மழை, மங்களம் பாடும்வரை நிற்கவில்லை.

இந்தக் கட்டுரைக்கும் அண்ணன் ஆதாரம் கேட்பார். கேளுங்கண்ணே. கடைசி வரிசையில் தொப்பலாக நனைந்துகொண்டு, தாளம் தப்பித் தப்பிக் கை தட்டினீர்களே, அதைக் கண்ணால பார்த்தேன்.