தலை நனையாமல் குளிக்க முடியாத ஷவர்

தன் வாயால் சொல்ல முடியாத ஒரு 'முடியாது'வை ஒரு ஷவரை வைத்துச் சொல்லிவிடுவது என்று நம்மவர் முடிவெடுத்தார்.

அவருக்கு 'முடியாது' சொல்லத் தெரியாதா என்ன? அதுதானே அவருடைய பிழைப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஏன் தர இயலாது என்று பதில் எழுதும் பிரிவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கூரை பறந்துவிட்டதா? மிகவும் வருந்துகிறோம், ஆனால் காற்றடித்த நேரத்தில் தாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்கள். கார் மூழ்கிவிட்டதா? மிகவும் வருந்துகிறோம், ஆனால் தாங்கள் நிறுத்திய இடம் பள்ளம். இப்படி எழுதி எழுதி, அலுவலகத்தில் அவருக்கு 'ஆனால் சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த ஆனாலையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார். உள்ளே கொண்டுபோனால் செல்லாது என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

இப்போது விஷயம் மாமியார்.

மாமியார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மோசமானவர் என்று யாரும் சொல்ல முடியாது. கஷ்டமே அதுதான். திட்டமாட்டார், குத்திக் காட்டமாட்டார், சமையலில் குறை சொல்லமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். "போன தடவை ஒரு புத்தகம் படிச்சிட்டிருந்தீங்களே மாப்பிள்ளை, முடிச்சிட்டீங்களா?" "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, என்ன பண்றதா இருக்கீங்க?" நம்மவர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது ஒன்றே ஒன்றுதான். மதியம் சாப்பிட்டுவிட்டு சோஃபாவில் நீட்டிப் படுத்து, விளக்கு வைக்கும் நேரம் வரை தூங்குவார். வாரம் முழுக்க ஊராருக்கு 'வருந்துகிறோம்' எழுதுகிற மனிதருக்கு அந்தத் தூக்கம் ஒன்றுதான் ஆறுதல். அத்தை போனமுறை வந்திருந்தபோது, அந்தத் தூக்கத்தின் இடத்தில் நடைப்பயிற்சி வந்து உட்கார்ந்துகொண்டது. தலைமை ஆசிரியை முன்னால் நடக்க, நம்மவர் பின்னால் நடந்தார்.

அத்தை இதுநாள்வரை மச்சான் வீட்டில் இருந்தார். மச்சானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

"அம்மாவை என்ன பண்றதுன்னு தம்பி யோசிக்கிறான்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

நம்மவர் நாளிதழைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"இங்க வரச் சொல்லலாம். நம்ம பாத்ரூம்தான் பயமா இருக்கு. தரை வழுக்குது. அவங்க முட்டி இருக்கிற இருப்புக்கு, விழுந்து வச்சாங்கன்னா?"

நாளிதழ் இறங்கியது. "அதேதான் நானும் நெனச்சேன். பாத்ரூம் மட்டும் சரியா இருந்தா, அத்தையை நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்."

"நிஜமாவா?"

"பின்ன? எனக்கும் அவங்க அம்மா மாதிரிதானே."

செலவில்லாத அன்பு என்று நினைத்துத்தான் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழைக்காலம் வரை அவகாசம் உண்டு. நம்மவருக்கு மறுநாளே கீழ்வீட்டுப் பல் டாக்டர் படியேறி வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மேல குளிச்சா, கீழ எங்க சாப்பாட்டு மேசை நனையுது. நேத்து என் தட்டுலயே விழுந்துச்சு."

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்கிறது, தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டால் ஒழிய வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். இடிபடப் போவது குளியலறை மட்டுமல்ல, தான் கட்டி வைத்த காரணமும்தான் என்பது நம்மவருக்கு அப்போதே புரிந்தது. அன்று முழுக்கக் குட்டி போட்ட பூனையாய் வீட்டுக்குள் சுற்றி வந்தார். சாயங்காலம்தான் அவருக்கு அத்தையின் தும்மல் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தைக்குத் தலையில் தண்ணீர் பட்டால் ஆகாது. தும்ம ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வாரத்தில் ஒருநாள்தான் தலைக்குக் குளிப்பார், மற்ற நாட்களில் மேலுக்கு மட்டும்தான். அப்படியானால், தலையை நனைக்காமல் குளிக்கவே முடியாத ஒரு ஷவரைக் கூரையில் பதித்துவிட்டால்? அத்தை வருவார், பார்ப்பார், ஒருநாள் குளிப்பார், தும்முவார், மச்சானோடு புது ஊருக்குக் கிளம்பிவிடுவார். யாரும் யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்லை. மிகவும் வருந்துகிறோம், ஆனால் ஷவர் அப்படி.

சனிக்கிழமை கணவனும் மனைவியுமாகக் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்க ஷவர்கள் வரிசையாகத் தலை குனிந்து நின்றன. மனைவி டைல்ஸ் பக்கம் ஒதுங்கியதும் நம்மவர் விற்பனையாளரைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல தலை நனையாம குளிக்க முடியுமா?"

"தாராளமா முடியும் சார். இது கை ஷவர். கழட்டிக் கையில வச்சுக்கலாம், தோளுக்குக் கீழ மட்டும் விட்டுக்கலாம்."

"இது வேண்டாம்."

விற்பனையாளர் அடுத்ததைக் காட்டினார். "இது கம்பியில ஏறி இறங்கும். உக்காந்துகிட்டுக் கூடக் குளிக்கலாம்."

"அதுவும் வேண்டாம்."

"இது கழுத்தைச் சாய்க்கும் சார். எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம்."

"திரும்பவே கூடாது."

விற்பனையாளர் கையிலிருந்ததைத் திரும்ப மாட்டினார். "வீட்ல வயசானவங்க யாராவது இருக்காங்களா சார்?"

"இல்ல. அதனாலதான் கேக்கறேன்."

கடைசியில் மழை ஷவர் வந்தது. சாப்பாட்டுத் தட்டைப் போல இரண்டு மடங்கு அகலம். கூரையோடு சேர்த்துப் பதித்துவிட வேண்டும். எங்கே நின்றாலும் உச்சந்தலையில்தான் முதல் சொட்டு விழும் என்றார் விற்பனையாளர், கொஞ்சம் தயங்கியபடி. நம்மவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்தத் தட்டை ஒருமுறை தடவிக்கூடப் பார்த்தார்.

மனைவி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இதுவா? இதுல தினம் தலை நனையுமேங்க. கை ஷவர் ஒண்ணு வாங்கலாமே."

"மழை மாதிரி கொட்டும். எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா?"

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே."

"எங்க சொல்ல விட்ட?"

மனைவி இன்னும் இரண்டு முறை கை ஷவருக்காக வாதாடினாள். நம்மவர் மசியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் தொடர்ந்து மசியாமல் இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி. ஷவர் உங்க இஷ்டம். எனக்கு வேற சின்னச் சின்ன விஷயம் கொஞ்சம் விட்டுக் குடுங்க."

ஜெயித்தவனுக்குக் கை தாராளம். "கேளு, கேளு."

"தரைக்கு இந்தச் சொரசொரப்பான டைல்ஸ். பளபளன்னு இருந்தா கறை தெரியும்."

"போட்டுக்கோ."

"சுவத்துல ஒரு கம்பி வேணும். துண்டு போட."

"இவ்வளவு தடியாவா?"

"ஈரத் துண்டு கனக்காதா?"

"கனக்கும், கனக்கும்."

"மூலையில ஒரு சின்னக் கல் மேடை. முட்டி உசரத்துக்கு."

"மாத்துத் துணி வைக்கவா?"

"வச்சுக்கலாம். அப்புறம் கீழ பக்கெட்டுக்கு ஒரு குழாய். திருகு வேண்டாம், லேசாத் தட்டினாலே திறக்கற பிடி வச்சது."

"ஏம்மா, துவைச்சுத் துவைச்சுக் கை வலிக்குதா?"

"நீங்களாவது கேட்டீங்களே," என்றாள் மனைவி. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் இதே மனிதர், பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். கையெழுத்து கோணலாக இருந்தால் ஏன் கோணல் என்று கேட்டு எழுதுவார். அன்றைக்கு, சொரசொரத் தரையையும் தடித்த கம்பியையும் முட்டி உயர மேடையையும் தட்டினால் திறக்கும் குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டி அனுப்பி வைத்தார். அவர் கண்ணெல்லாம் கூரையில் இருந்தது.

வேலை முடிந்தது. முதல் நாள் நம்மவர் அந்த ஷவரின் கீழே நின்றபோது, பொய்யாகச் சொன்ன ஆசை மெய்யாகிவிட்டது. தண்ணீர் தலையில் பட்டுத் தோளில் இறங்கி, கதவு வரை தெறித்தது. அவர் வாயில் பாட்டுக்கூட வந்தது. வீட்டில் ஒரு பொருளை முதல்முதலாகத் தன் விருப்பத்துக்கு வாங்கியிருக்கிறோம் என்று நினைத்து, தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். வெளியே வரவே மனசில்லை.

வெளியே வந்தபோது மனைவி ஃபோனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். பாத்ரூம் சரியானா நீங்களே போய்க் கூட்டிட்டு வர்றதா சொன்னீங்கல்ல?"

"போறேன். ஞாயித்துக்கிழமையே போறேன்," என்றார் நம்மவர், தலையைத் துவட்டியபடி. இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. தான் போவது வழியனுப்புவதன் முதல் பாதி என்றுதான் அவர் கணக்கு.

ஞாயிறு காலை மச்சான் வீட்டு வாசலில் இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தையல் மெஷின், பள்ளிக்கூடத்துப் பிரிவுபசார விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரம் எல்லாம் வரிசையாக நின்றன. மச்சான் கண் கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களை மாதிரி யாரும் இருக்கமாட்டாங்க மாமா," என்றான். கலங்கிய கண்ணில் ஒரு நிம்மதியும் தெரிந்தது.

"நாலு நாளைக்கு எதுக்கு அத்தை கடிகாரமெல்லாம்?" என்று டாக்சியில் கேட்டுப் பார்த்தார்.

"நாலு நாளா?" என்றார் அத்தை. கேள்வி அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேரே குளியலறையைப் பார்க்கப் போனார். மகள் கூடவே போனாள். நம்மவர் முகத்தில் தகுந்த வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அலுவலகத்தில் நேரில் வருகிறவர்களிடம் காட்டுகிற அதே வருத்தம்.

அத்தை செருப்பில்லாமல் தரையில் காலை அழுத்திப் பார்த்தார். வழுக்கவில்லை. கம்பியைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. மேடையில் உட்கார்ந்தார். சரியான உயரம். உட்கார்ந்தபடியே குழாயைப் புறங்கையால் தட்டினார். தண்ணீர் பக்கெட்டில் விழுந்தது. நம்மவருடைய முகத்தில் வருத்தம் இப்போது தானாகவே வர ஆரம்பித்திருந்தது.

"ஆனா அத்தை," என்றார். வீட்டுக்குள் அந்தச் சொல் அவர் வாயில் வந்து நாளாயிற்று. "ஷவர் கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தலை நனையாம குளிக்க முடியாது. உங்களுக்கு ஒத்துக்காதே."

"நான் எப்ப மாப்பிள்ளை ஷவர்ல குளிச்சேன்?"

நம்மவர் மனைவியைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு எப்பவும் பக்கெட்டும் மக்கும்தாங்க. பிறந்ததிலேர்ந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

எப்படித் தெரியும்? மாமியார் எதில் குளிக்கிறார் என்று எந்த மருமகன் விசாரித்து வைத்திருக்கிறான்? அவருக்கு அது தெரியாது என்பது மட்டும் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

"அப்புறம் ஏன் கடையில கை ஷவர் கை ஷவர்னு அவ்வளவு நேரம் சண்டை போட்ட?"

"ஒண்ணுமே கேக்காம விட்டுக் குடுத்தா உங்களுக்குத் திருப்தியா இருக்குமா?"

அத்தை கம்பியைப் பிடித்து எழுந்தார். ஈரம் படிந்த சுவரையும் கதவையும் மெதுவாக ஒரு பார்வை பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்திய கண் அது.

"அந்த ஷவர்ல நீங்க குளிச்சா அறை முழுக்க நனையுதே மாப்பிள்ளை. நான் விடியக்காலம் குளிக்கறவ. எனக்கு முன்னாடி நீங்க எழுந்து குளிச்சிட்டு, தரையையும் சுவத்தையும் துடைச்சு விட்டுடறீங்களா? அப்படியே ஒரு நடை நடந்துட்டு வந்துடலாம்."

"சரிங்க அத்தை," என்றார் 'ஆனால் சார்'.

கடிகாரத்தை மாட்ட இடம் தேடி எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். சோஃபாவுக்கு நேர் எதிர்ச் சுவர்தான் தோதாக இருந்தது. நம்மவர் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். கீழே சோஃபாவில் அத்தை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"எல்லாமே எனக்குன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கீங்க மாப்பிள்ளை. கூரையில அந்தப் பெரிய தட்டை மட்டும் எதுக்கு வச்சீங்கன்னு தெரியல."

"அது அவர் ஆசைப்பட்டு வாங்கினதும்மா," என்றாள் மனைவி. "பாவம், அவர் இஷ்டத்துக்கும் வீட்ல ஒண்ணு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."