நான் நீலமாக்கிய உப்புப் பாத்தி

கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற மண் ரொம்ப நல்ல பிள்ளை. சலித்து, காயவைத்து, தட்டித் தட்டி நிரப்பினால் நாம் சொன்ன வேகத்தில் தண்ணீரைக் குடிக்கும். அந்த மண்ணோடு சில வருடம் பழகிவிட்டு, வெளியே கிடக்கிற மண்ணும் அப்படித்தான் என்று நம்புகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? (என் மாமனார் ஒன்று வைத்தார். அச்சில் போட முடியாது.)

அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. செல்வியின் அப்பா ஏழுமலை, மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர், அவ்வளவுதான். செல்வியை எனக்குக் கட்டிக்கொடுக்க அவருக்கு ஒரே தடை, நான் பார்க்கிற வேலை வேலையாகவே தெரியாததுதான். முழுதாக நனையாத மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று கண்ணாடித் தொட்டியில் சின்ன மாதிரி செய்து பார்ப்பது என் ஆராய்ச்சி. "அது தானா எறங்குதே, அதுக்கு ஒரு ஆளா?" என்று செல்வியிடம் கேட்டாராம். அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை காட்டிவிட்டால் கல்யாணத்துக்குச் சரி சொல்லிவிடுவார் என்று போனில் சொன்னாள்.

எனவே ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரை மண் நிரப்பிய தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். (குழந்தை என்றால் யாராவது வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.) கூடத்தில் வைத்து, மிட்டாய்க்குப் போடும் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினேன். நீலம் கோடு போட்ட மாதிரி மெல்ல இறங்கியது. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எது வரை போகும் என்று சொன்னேனோ, அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தவர், "பரவால்லியே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு நான் கிளம்பியிருக்க வேண்டும்.

"உங்க அளத்துலயே காட்டட்டுங்களா?" என்றது என் வாய்.

உப்புத் தண்ணீருக்கு அடியில் உப்பு விளைந்து நின்ற பாத்திக்குப் போனோம். மறுநாள் காலையில் வாரி லாரியில் ஏற்ற வேண்டிய உப்பு. பாத்திக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த வரப்பின் மேல், அடி அறுத்த பெயிண்ட் வாளி ஒன்றை அடித்து இறக்கினேன். ஒரு குடம் நல்ல தண்ணீரில் நீலத்தைக் கெட்டியாகக் கலக்கினேன். ஏழுமலை, அவருடைய அண்ணன், செல்வி, பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, பொழுது சாய்வதற்குள் ஒரு சாண்தான் இறங்கும், காய்ந்த மண் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று பிரசங்கம் செய்தபடி ஊற்றினேன்.

களக் என்று ஒரு சத்தம். வாளி காலி.

விளக்கம் சொல்லலாம் என்று நிமிர்ந்தால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். வரப்பின் பக்கவாட்டில் இருந்த நண்டு வளையிலிருந்து நீலம் பாத்திக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. (சலித்த மண்ணில் நண்டு ஏது?) நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட லேசு. கடல் காற்று தள்ள, மேலாகவே படர்ந்து எதிர் வரப்பைத் தொட்டது. வெள்ளை வெளேரென்று இருந்த பாத்தி, சொட்டு நீலம் கொட்டிய வாளியாகிவிட்டது.

ஒரு பெண்ணின் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு பாத்திக்குள் குதித்தேன். நீலத்தை மூலைக்குத் தள்ளினேன், இழுத்தேன், மறுபடி தள்ளினேன். தெறித்துத் தெறித்து முழங்கால் வரை நானும் நீலமானேன்.

"டேய், வெளிய வாடா" என்றார் ஏழுமலை, மெதுவாக. அது வரை நான் தம்பியாக இருந்தேன்.

அவர் ஒரு பிடி உப்பை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கல்லெல்லாம் நீலம். லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணன் கேட்டது அவர் காதில் விழவில்லை.

"இப்பிடி ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இதத்தானடா படிக்கற?"

"ஆமாங்க."

செல்வி அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். அடுத்து அந்தப் பெண்கள், கடைசியில் அண்ணனும். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. என் நீலக் கால்களைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "வேற எவனாருந்தாலும் ஓடியிருப்பான். இவன் ஓடாம எறங்கி நின்னான் பாரு. தேதி பாத்துடு. ஆனா இவன் காலு இனிமே அளத்துல படக் கூடாது."

கல்யாணப் பந்தியில் எல்லா இலையிலும் வெள்ளை உப்பு, என் இலையில் மட்டும் நீலம். இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால் அதே உபசரிப்புதான், அன்றைக்கு வாரிய நீல உப்பு மூட்டை இன்னும் தீரவில்லை. மாமனார் ஒவ்வொரு முறையும் வந்திருப்பவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லி, "ஓடல பாரு" என்று பெருமையாக முடிப்பார். நான் ஓடியிருந்தால் நீலம் மேலாகவே மிதந்திருக்கும், வடித்துவிட்டு அடியில் இருந்த உப்பை வெள்ளையாகவே வாரியிருக்கலாம் என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்? குனிந்த தலை நிமிராமல் நீல உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.